முதியோர் சங்கத்தில் நூல் வேலை, நெசவு, பின்னல் பழக்க வேண்டும்: எதில் தொடங்கலாம்?

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் முதியோர் சங்கம் மாதத்தில் ஒரு நாள் கூடுகிறது. வரவு பதிவார்கள், கொடுப்பனவு வந்ததா இல்லையா என்று கதைப்பார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், கலைந்து போய்விடுவார்கள். நான் தையல் படித்தவள் என்பதால், கூட்டம் முடிந்த பிறகு ஒன்றரை மணித்தியாலம் இருந்து கையால் ஏதாவது செய்யப் பழக்கிவிட முடியுமா என்று தலைவர் ஐயா கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். எதைப் பழக்குவது என்பதுதான் யோசனை.

பதினைந்து பேரளவில் வருவார்கள். 65 வயதிலிருந்து 80 தாண்டியவர்கள் வரை இருக்கிறார்கள், கூடப் பெண்கள், நாலைந்து ஆண்கள், அவர்களில் இரண்டு பேர் முந்தி வாவியில் மீன்பிடித் தொழில் செய்தவர்கள். பாதிப் பேருக்குச் சீனி வருத்தம், சிலருக்கு விரல் மூட்டு வீக்கம், ஒரு அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கை பலமில்லை, கண் ஒப்பரேசன் செய்தவர்களும் இருக்கிறார்கள். செலவழிக்கச் சங்கத்தில் பெரிதாகக் காசு இல்லை. யூடியூப்பில் பார்த்தால் எல்லாமே தடித்த கம்பளி நூலில் செய்கிறார்கள். நம்முடைய வெயிலுக்கு அந்த நூல் கையில் வேர்வையோடு ஒட்டிக்கொள்ளும், விலையும் கூட.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐஸ்பழக் குச்சியில் பசை பூசி ஒட்டுகிற மாதிரி நேசரிப் பிள்ளைகளின் வேலையை அவர்கள் முன்னால் வைக்க எனக்கு மனமில்லை. வயல் பார்த்து, வீடு பார்த்து, ஆறேழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள். செய்து முடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாவிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருதமுனைத் தறி வீடு:

தங்கச்சி, எங்கள் வீட்டில் தறி இருக்கிறது, அதனால் நெசவைத்தான் சொல்வேன். ஆனால் அதற்குத் தறி வேண்டாம், காட்போட் மட்டை போதும். கடையில் பிஸ்கட் வருகிற பெரிய பெட்டியில் தடித்த பக்கமாகப் பார்த்து ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு சின்ன வெட்டு. முதல் வெட்டில் நூலைக் கொளுவி மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டு போனால் அதுதான் பாவு. பாவுக்கு மட்டும் நல்ல பருத்தி நூல் எடுங்கள், கையால் இழுத்தால் அறக்கூடாது. பாவுக்குக் குறுக்கே போகிற ஊடைக்கு வீட்டில் கிடக்கிற பழைய சாரன், சீலை எல்லாம் சரி. பருத்திச் சாரனின் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வைத்துவிட்டுக் கையால் இழுத்தால் நூல் வழியே நேராகக் கிழிந்து வரும். இரண்டு விரல் அகலம் போதும். விரலால் நுணுக்கமாக எதையும் பிடிக்க ஏலாதவர்கள் இருந்தால் துணி கிழித்துப் பந்தாகச் சுற்றுவதை அவர்களிடம் கொடுங்கள், அந்த வேலை இல்லாமல் மற்றவர்களுக்கு நெசவே இல்லை.

ஒரு பாவு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே. திரும்பி வரும்போது அதை மாற்றி. புதிதாகச் செய்கிற எல்லாருக்கும் வருகிற பிழை, ஊடையை இறுக்கி இழுப்பது. நாலு விரல் உயரம் வருவதற்குள் இரண்டு கரையும் உள்ளே வந்து நடு ஒடுங்கிப் போகும். ஊடையை நேராக இழுக்காமல் வில்லாக வளைத்துப் போட்டு, பிறகு பெரிய பல்லுச் சீப்பால் கீழே தட்டச் சொல்லுங்கள். தறியில் அச்சு செய்கிற வேலையை இங்கே சீப்பு செய்யும். முடிந்ததும் மட்டையிலிருந்து கழற்றி, நுனி நூல்களை இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டால் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற விரிப்பு ஒன்று கையில் இருக்கும்.

வட்டமாகவும் செய்யலாம். வட்ட மட்டையில் வெட்டுகள் ஒற்றை எண்ணில் இருக்க வேண்டும், 15, 17 அப்படி. இரட்டை எண்ணில் வைத்தால் ஒரு சுற்று முடிந்து வரும்போது முந்தி மேலே போன நூலுக்கே திரும்பவும் மேலே போகும், பின்னல் பிடிக்காது.

நூலுக்கு யோசிக்க வேண்டாம். தறியில் பாவு முடிகிற இடத்தில் நெய்ய ஏலாமல் வெட்டி எடுக்கிற நூல் இங்கே மிஞ்சும், சாயம் போட்ட நல்ல நூல். மெல்லிசு என்பதால் எட்டுப் பத்து இழையைச் சேர்த்து முறுக்கித்தான் பாவிக்க வேண்டும். 1977க்குப் பிறகு வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து இறங்கியதிலும், 2004 சுனாமியிலும் தறி இல்லாமல் போனவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். நெசவு தெரிந்த கை இருக்கிறது, முன்னால் தறி இல்லை. உங்கள் சங்கத்திலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும், முதலில் கேட்டுப் பாருங்கள். என் உம்மா இப்போதும் காலையில் ராட்டையில் நூல் சுற்றுகிறார். நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய முந்தி விரலுக்குத் தெரிந்து, சுற்றுகிற கை தானாக நின்றுவிடும்.

பாண்டிருப்பு:

ஊசியே இல்லாமல் விரலில் பின்னலாம் அக்கா. நாலு விரலிலும் நூலை மேலும் கீழுமாகச் சுற்றி, அதற்கு மேலே இன்னொரு சுற்று. பிறகு கீழ்ச் சுற்றை விரலுக்கு மேலால் தூக்கிப் பின்பக்கம் விட வேண்டும். நாடா மாதிரி நீளமாக வந்துகொண்டே இருக்கும். பழைய ரீசேட்டைப் பட்டியாக வெட்டி இழுத்துவிட்டால் ஓரம் சுருண்டு நல்ல தடித்த நூலாகிவிடும், காசு கொடுத்து நூல் வாங்கத் தேவையில்லை.

கல்லடி:

ஆஸ்பத்திரியில் கை வருத்தக்காரர்களோடு வேலை செய்தவள் என்ற முறையில் சிலது சொல்கிறேன் பிள்ளை, எந்த வேலையைத் தேர்ந்தாலும் இதைப் பாருங்கள்.

சீனி வருத்தம் கன காலமாக இருப்பவர்களுக்கு விரல் நுனியில் உணர்வு குறைந்திருக்கலாம். ஊசி குத்தினாலும் தெரியாது, நூல் அறுத்தாலும் தெரியாது, சின்னக் காயம் பிறகு பெரிய காயமாகிவிடும். அதனால் கூர் ஊசி வேண்டாம், பெரிய காது உள்ள முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஊசி, இல்லாவிட்டால் நூலைப் பெரிய சட்டைப்பின்னில் கோத்துப் பின்னை மூடிவிட்டு அதையே ஊசியாகப் பாவிக்கலாம். வேலை முடிய எல்லாருடைய விரலையும் ஒரு தடவை பாருங்கள். விரலில் பின்னுகிறதைப் பாண்டிருப்புப் பிள்ளை சொன்னது நல்லது, ஆனால் விரல் வீங்கியவர்களுக்கும் உணர்வு குறைந்தவர்களுக்கும் அது வேண்டாம், நூல் விரலை இறுக்கும்.

மூட்டு வலி உள்ளவர்களுக்கு மெல்லியதை நுனி விரலால் இறுக்கிப் பிடிப்பதுதான் கஷ்டம், அதிலும் பெருவிரல் அடிமூட்டு. தடித்த துணிப்பட்டி, தடித்த பிடி என்றால் சமாளிப்பார்கள். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கையை விட்டு, விரித்து மடக்கச் சொல்லுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு செய்து முடிப்பது நம்முடைய ஆட்களுக்கு ஒரு பெருமை, அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மூட்டு சிவந்து சூடாக இருந்தால் அன்றைக்குக் கைக்கு ஓய்வுதான்.

பாரிசவாதம் வந்த அம்மாவுக்கு மருதமுனைத் தம்பி சொன்ன மட்டை நெசவுதான் சரி. மட்டையை மேசையோடு கிளிப் போட்டு இறுக்கிவிட்டால் ஒரு கையாலேயே செய்யலாம். கிளிப் இல்லாவிட்டால் ஈரத்துணியை விரித்து அதன் மேல் தடித்த பலகையாக வையுங்கள், வழுக்காது. பலமில்லாத கையை மடியில் விட்டுவிடாமல் மட்டையின் ஓரத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பிடிக்க ஏலாவிட்டாலும் அந்தக் கையும் வேலையில் இருக்க வேண்டும்.

கண் ஒப்பரேசன் செய்து லென்ஸ் வைத்தவர்களில் கூடப் பேருக்குத் தூரம் தெளிவாகத் தெரியும், கிட்டத்துக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து ஒன்றும் தெரியவில்லை என்பார்கள், முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாவு வெள்ளை, ஊடை கடும் சிவப்போ நீலமோ என்று எடுங்கள். ஒரே நிறத்தில் கொடுத்தால் எது மேலே எது கீழே என்று தெரியாமல் அலுத்துப்போவார்கள்.

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை:

அக்கா, மெத்தப் பெரிய உபகாரம். விரலைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு யோசனையிலேயே வரவில்லை. மருதமுனை அண்ணன், அந்த மிஞ்சின நூலுக்குக் கட்டாயம் வருவேன்.

ஆண்களுக்கு என்ன செய்யலாம்? துணி கிழித்து நெய்யச் சொன்னால் கதிரையை விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

பெரியகல்லாறு:

வாவியில் தொழில் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு நீங்கள் பழக்க வேண்டாம், அவர்கள் உங்களுக்குப் பழக்குவார்கள். ஒரு வலை ஊசியும் ஒரு கட்டை நூலும் மேசையில் வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

வலை முடிகிறதும் நூல் வேலைதானே. வலை ஊசியில் நூலைச் சுற்றி வைத்துக்கொண்டு, வலைக் கண் அளவுக்கு ஒரு தட்டையான மரத்துண்டைப் பிடித்து, மேல் வரிசைக் கண்ணுக்குள்ளால் ஊசியை எடுத்து, பெருவிரலால் அமத்திப் பிடித்து, நூலை ஒரு வளையமாக மேலே எறிந்து, கண்ணின் இரண்டு இழைக்கும் பின்னால் ஊசியைக் கொண்டுவந்து வளையத்துக்குள்ளால் இழுத்தால் ஒரு முடிச்சு. எழுதினால் இவ்வளவு நீளம், அப்பா செய்யும்போது ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும். அப்பாவுக்கு இப்போது கண் நல்லாகத் தெரியாது. மரத்துண்டில் வலைக் கண்ணைத் தடவிப் பார்த்துத்தான் முடிகிறார், ஒரு கண் பெரிது ஒரு கண் சின்னன் என்று எங்கும் இல்லை.

மீன் வலை முடியச் சொல்லாதீர்கள், பை முடியச் சொல்லுங்கள். மூன்று விரல் அகலக் கண், வாயில் ஒரு வளையம் அல்லது நாடா. வெங்காயம் போட்டுத் தூக்கி வைக்கலாம், சந்தைக்குக் கொண்டுபோகலாம், தேங்காய் நாலைந்து தாங்கும். நைலோன் வேண்டாம், அது புது முடிச்சில் வழுக்கும், இழுக்கும்போது விரலையும் வெட்டும். முறுக்குள்ள பருத்தி நூல் நல்லது. கல்லடி அக்கா சொன்ன சீனி வருத்தக் கதையை வைத்துப் பார்த்தாலும் அதுதான் சரி.

அட்டாளைச்சேனை:

நானும் இதையேதான் எழுத வந்தேன். கை பழகிய வேலையிலிருந்து தொடங்குங்கள் சகோதரி. கம்பளி, குளிர்நாட்டுப் பின்னல் எல்லாம் பார்த்துவிட்டு நமக்கு நூல் வேலை புதிது என்று நினைத்துவிடுகிறோம். இப்போது செடிச்சட்டி தொங்கவிடக் கடையில் விலை போட்டு விற்கிற முடிச்சுக் கயிறு நம்முடைய உறிதான். தயிர்ச் சட்டியும் நெய்ப் போத்தலும் பூனைக்கு எட்டாமல் தொங்கியது அதில்தானே. உங்கள் ஆட்களில் உறி கட்டத் தெரிந்தவர் இல்லாமல் இருக்க மாட்டார்.

மறந்தவர்களுக்குச் சுலபமான முறை இது. 3 மீற்றர்க் கயிறு நாலு எடுத்து, நடுவில் மடித்து ஒரு வளையத்தில் கொளுவினால் எட்டு இழை தொங்கும். இரண்டிரண்டாகப் பிரித்தால் நாலு கால். ஒரு முழம் விட்டு ஒவ்வொரு காலிலும் ஒரு முடிச்சு. அதற்குக் கீழே ஒரு சாண் விட்டு, இந்தக் காலில் ஒரு இழை, பக்கத்துக் காலில் ஒரு இழை என்று சேர்த்து முடிச்சு, சுற்றிவர நாலு வரும். இன்னும் ஒரு சாண் கீழே எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து ஒரு பெரிய முடிச்சு. சட்டி அதில் இருக்கும். தும்புக் கயிறு கையைக் கீறும், அதனால் சணல் கயிறு அல்லது பருத்திக் கயிறு எடுங்கள். கயிறைக் கதவுப் பிடியில் கட்டாமல், உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு உயரத்தில் கதிரை முதுகில் கட்டுங்கள், கையைத் தூக்கிக்கொண்டு கன நேரம் இருக்க ஏலாது.

பாய்க்குப் பாவிக்கிற பன் புல்லை இழைக்கிறதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பன் பாய் இழைக்கிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் பாய் என்றால் நிலத்தில் குந்தி, இழைத்ததன் மேலேயே நகர்ந்து நகர்ந்து போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது சரிவராது. பாய் வேண்டாம், மேசையில் வைத்து ஒரு தடுக்கு இழைக்கலாம். பன்னைக் காய்ந்தபடி மடித்தால் வெடிக்கும், தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு எடுங்கள். என் உம்மம்மா விடியற்காலையில்தான் பாய்க்கு முன்னால் இருப்பார், வெயில் ஏறினால் பன் முறுகிப்போகும் என்று எழும்பிவிடுவார்.

மட்டக்களப்பு டீச்சர்:

மேலே உள்ளவர்கள் சொன்னதில் எனக்குப் பிழை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வயதானவர்களுக்குப் பழையதைத்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிடாதீர்கள் மகள். என் மாமி 70 தாண்டிய பிறகுதான் குரோஷே பழகினார். அவருடைய தாய் வீட்டில் பாய், பெட்டி எல்லாம் இழைத்தது வறுமையில். அதைத் திரும்பத் தொடவே அவருக்கு விருப்பமில்லை. "அதுதான் வயிற்றுப்பாட்டுக்குச் செய்தாயிற்றே, இது எனக்காகச் செய்கிறேன்" என்பார். அப்படியானவர்களும் உங்கள் சங்கத்தில் இருப்பார்கள். கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

குரோஷே என்றால் பயப்பட வேண்டாம். 5 அல்லது 6 மில்லிமீற்றர்க் கொக்கி எடுங்கள், மெல்லிய கொக்கி இவர்களுக்கு ஆகாது. பிடிக்கிற இடத்தில் சைக்கிள் டியூபைப் பட்டியாக வெட்டி இறுக்கிச் சுற்றிவிட்டால் பிடி தடிக்கும், வேர்வைக்கு வழுக்கவும் மாட்டாது. சங்கிலிப் பின்னலும் அதற்கு மேலே ஒற்றைப் பின்னலும் போதும், இந்த இரண்டை வைத்தே தண்ணீர்ப் போத்தல் பை, மூக்குக்கண்ணாடி உறை, ஃபோன் பை எல்லாம் வரும். வெயிலுக்குப் பருத்தி நூல்தான்.

அடுப்படிக்கு ஏதாவது செய்வதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். சூடான சட்டி பிடிக்கிற துணி, சட்டிக்குக் கீழே வைக்கிற விரிப்பு இரண்டையும் முழுப் பருத்தியில் மட்டும் செய்யுங்கள். கடையில் ஊல் என்று விற்கிறதில் பெரும்பங்கு அக்ரிலிக், சூட்டுக்கு உருகிக் கையில் ஒட்டிவிடும். நைலெக்ஸ் சீலைத் துண்டும் அப்படித்தான். எது என்று தெரியாவிட்டால் ஒரு நூலை எடுத்து வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து சாம்பலாகும், மற்றது உருகிக் கட்டியாக நிற்கும்.

ஆரையம்பதி:

ஒரு விசயம் யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். மறதி வருத்தம் உள்ளவர் யாராவது வந்தால்? என் அம்மாவுக்கு இருக்கிறது. எண்ணிக்கை வைத்துச் செய்கிற எதுவும் அவருக்குச் சரிவராது, நாலாவது வெட்டு, ஐந்தாவது முடிச்சு என்றால் முகம் மாறிவிடும். ஆனால் மூன்று பட்டியைக் கையில் கொடுத்தால் சடை பின்னுவார். நாலு பெண் பிள்ளைகளுக்குப் பின்னிய கை. அவருடைய பழைய சீலைகளைக் கிழித்துத்தான் கொடுக்கிறேன், மூன்று பட்டியின் நுனியையும் கதிரைக் கையில் கட்டிவிட வேண்டும். ஒரு மாம்பழ நிறத் துண்டைத் தடவிப் பார்த்து, "இது சித்திரை வருசத்துக்கு எடுத்தது, அப்பா கல்முனையில் வாங்கினது" என்றார். என்னுடைய பெயர் வராத நாளில் இது வந்தது.

அந்தச் சடையை நான் சுருட்டிச் சுருட்டித் தைத்துக் கால்மிதியாக்கிவிடுவேன். முந்தி பானை வைக்கத் திருகணை செய்தது போலத்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும், சுற்றும்போது தட்டையாக மேசையில் வைத்துத் தைக்காவிட்டால் கிண்ணமாக எழும்பிவிடும்.

பிழையாகப் பின்னினால் அவர் கண்முன்னால் அவிழ்க்காதீர்கள். அவிழ்க்கத்தான் வேண்டுமென்றால் பிறகு அவிழுங்கள். பிழையோடு இருந்தாலும் கால்மிதி கால்மிதிதான். கத்தரிக்கோல், மணி, பொத்தான் எல்லாவற்றையும் எட்டத்தில் வையுங்கள், அம்மா வாயில் போட்டுவிடுவார்.

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை:

எல்லாரும் எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். திருகணை என்றவுடன் அம்மா எழும்பிப் போய்ப் பழைய பெட்டிக்குள் தேடத் தொடங்கிவிட்டார்.

முதல் கூட்டத்துக்கு இப்படி வைத்திருக்கிறேன். ஒரு மேசையில் மட்டை நெசவு, பாரிசவாதம் வந்த அம்மாவுக்கும் அங்கேதான் இடம். இன்னொரு மேசையில் துணி கிழிப்பதும் சடை பின்னுவதும். விறாந்தையில் வலை ஊசி, நூல், நாலு கதிரை. ஆண்கள் அங்கேதான் இருப்பார்கள் என்றால் வேலையும் அங்கேயே இருக்கட்டும். உறி இரண்டாவது மாதத்துக்கு, குரோஷே கேட்டவர்களுக்கு மட்டும். டீச்சர் சொன்னபடி முதலில் ஒவ்வொருவரிடமும் இளமையில் கையால் என்ன செய்தீர்கள், அதைத் திரும்பச் செய்ய விருப்பமா என்று கேட்கப் போகிறேன்.

பெரியகல்லாறுத் தம்பி, வலை ஊசி கடையில் வாங்குவதா, செய்வதா?

பெரியகல்லாறு:

வலைச் சாமான் விற்கிற கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கும். ஆனால் அவர்கள் வீட்டுக் கூரையில் பழையது செருகிக் கிடக்கும், வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். சொந்த ஊசி என்றால் அது வேறு. அப்பாவிடமும் சொன்னேன், பஸ்ஸில் ஏற்றிவிட்டால் ஒரு நாள் வந்து உட்காரத் தயார் என்கிறார்.

மருதமுனைத் தறி வீடு:

வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் வாருங்கள் தங்கச்சி. வெள்ளை நூலைப் பாவுக்குத் தனியாகவும் நிறங்களைத் தனியாகவும் கட்டி வைக்கச் சொல்கிறேன். கடும் சிவப்பையும் கறுப்பையும் நெய்ய முந்தி ஒரு தடவை தனித்தனியாகத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், சில நூலில் முதல் தண்ணீருக்குச் சாயம் இறங்கி வெள்ளைப் பாவில் ஏறிவிடும். பெரிய உரப்பையாகக் கொண்டுவாருங்கள்.